5 அங்குல கேஜ் டேங்க் எஞ்சினுக்கு சூப்பர்ஹீட்டர்: போடலாமா, வேண்டாமா?

பட்டறைவாசி

வணக்கம். 5 அங்குல கேஜில் (தண்டவாள இடைவெளி) மாடல் நீராவி ரயில் எஞ்சின் ஒன்று கட்டுகிறேன். 0-6-0 (ஓட்டும் சக்கரம் ஆறு மட்டும்) டேங்க் எஞ்சின், அதாவது தனித் தண்ணீர் வண்டி (டெண்டர்) இல்லாமல் தண்ணீரைத் தானே சுமப்பது. பாதி வேலை முடிந்திருக்கிறது. சிலிண்டர் ஒன்றரை அங்குல போர் (உள் விட்டம்), இரண்டேகால் அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்). கன்மெட்டல் (செம்பு, வெள்ளீயக் கலவை) வார்ப்பு, ஸ்லைடு வால்வு (ஆவியைச் சிலிண்டருக்குள் விடும் வழுக்கு வால்வு). சக்கரம் 120 மி.மீ. செம்பு பாய்லர், பீப்பாய் நாலரை அங்குலம், குழாய் நீளம் 11 அங்குலம், வேலை அழுத்தம் 80 பி.எஸ்.ஐ. எரிபொருள் நிலக்கரி.

டிராயிங்கில் இரண்டு வழி கொடுத்திருக்கிறது. ஒன்று, நெருப்பின் புகை போக முழுக்க அரை அங்குலக் குழாய்கள். இன்னொன்று, குழாய்களில் சிலவற்றைக் குறைத்துவிட்டு ஒரு அங்குல ஃப்ளூ (பெரிய புகைக்குழாய்) இரண்டு, அவற்றுக்குள் சூப்பர்ஹீட்டர் (பாய்லரிலிருந்து வரும் நீராவியை மேலும் சூடேற்றும் அமைப்பு). அடுத்த வேலை டியூப் பிளேட்டில் (குழாய் முனைகளைத் தாங்கும் தகடு) துளை போடுவது. போட்ட பிறகு மாற்ற முடியாது, அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

இந்த அளவு எஞ்சினுக்கு சூப்பர்ஹீட்டரால் உண்மையிலேயே பலன் உண்டா? செம்பில் செய்யலாமா, ஸ்டெயின்லெஸ்தான் வேண்டுமா? கன்மெட்டல் ஸ்லைடு வால்வு அந்தச் சூட்டைத் தாங்குமா? ஃப்ளூவை மட்டும் இப்போது வைத்துவிட்டு எலிமென்ட்டை (ஃப்ளூவுக்குள் போய்த் திரும்பும் சூப்பர்ஹீட்டர் குழாய்) பிறகு போடுவது சரிவருமா? ஓட்டம் கிளப் டிராக்கில்தான். ஐந்தாறு பேரை இழுத்துக்கொண்டு அரை மணி, முக்கால் மணி நேரம் விடாமல் ஓட வேண்டும்.

கொதிகலன்

பலன் உண்டு. ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் உங்கள் வண்டிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று சொல்ல முடியும். கணக்கைப் பார்ப்போம்.

80 பி.எஸ்.ஐ. என்றால் ஏறக்குறைய 6.5 பார் தனி அழுத்தம் (காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து). அங்கே தண்ணீர் கொதிப்பது 162°செ. அந்த நீராவி ஒரு கிலோவுக்கு 0.293 கன மீட்டர். அதே அழுத்தத்தில் 250°செ வரை சூடேற்றினால் 0.363 கன மீட்டர் ஆகிவிடுகிறது. பருமன் 24 சதவீதம் கூடுகிறது. இதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் வெப்பம் கிலோவுக்கு 195 கிலோஜூல்தான். 20°செ தண்ணீரை உலர்ந்த நீராவியாக்கவே 2,676 கிலோஜூல் செலவாகியிருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் இது 7 சதவீதத்துக்குச் சற்று மேல். சிலிண்டரை நிரப்ப வேண்டிய பருமன் மாறாது. ஆகவே அதே ஓட்டத்துக்குத் தண்ணீர் 19 சதவீதம் குறையும், வெப்பம் 13 சதவீதம் குறையும். சூப்பர்ஹீட் ஆன நீராவி விரியும்போது அழுத்தம் கொஞ்சம் வேகமாக இறங்கும் என்பதால் இந்தக் கணக்கில் சிறிது கழிக்க வேண்டும்.

கழித்ததைவிட அதிகமாக இன்னொரு பக்கம் சேரும். சிலிண்டர் சுவரில் நீராவி பட்டுத் தண்ணீராவதைச் சொல்கிறேன். பெரிய எஞ்சினின் 20 அங்குல சிலிண்டரோடு ஒப்பிட்டால் உங்கள் ஒன்றரை அங்குல சிலிண்டரில் ஒவ்வொரு கன சென்டிமீட்டர் நீராவிக்கும் 13 மடங்கு அதிகச் சுவர்ப்பரப்பு இருக்கிறது. மாடல் வேகமாகச் சுழல்வதால் ஆவி குளிர நேரமே கிடைக்காது என்று சொல்வார்கள். மணிக்கு 60 மைலில் ஓடும் ஆறரை அடிச் சக்கரம் நொடிக்கு 4.3 சுற்று, மணிக்கு 6 மைலில் ஓடும் உங்கள் 120 மி.மீ. சக்கரம் நொடிக்கு 7 சுற்று. நேரம் ஒன்றரை மடங்கு சொச்சம்தான் குறைகிறது, பரப்போ 13 மடங்கு கூடுகிறது. எனவே சின்ன எஞ்சினுக்குத்தான் சூப்பர்ஹீட் இன்னும் அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பாய்லரிலிருந்து வரும் ஆவி முதலில் உலர்ந்திருக்க வேண்டும். ஆவியோடு 5 சதவீதம் தண்ணீர்த் துளிகள் வந்தால் அவற்றை ஆவியாக்கவே கிலோவுக்கு 104 கிலோஜூல் போய்விடும். கிட்டத்தட்ட 47 டிகிரி சூப்பர்ஹீட் அங்கேயே கரைந்துவிட்டது என்று அர்த்தம். டோம் (பாய்லர் உச்சியில் ஆவி எடுக்கும் குமிழ்) உயரம், நீர்மட்டம், பாய்லர் தண்ணீரின் சுத்தம் மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள். கண்ணாடிக் குழாயில் முக்கால்வாசி தண்ணீரை வைத்துக்கொண்டு ஓட்டினால் எந்த சூப்பர்ஹீட்டரும் வெறும் உலர்த்திதான்.

ஸ்லைடுவால்வு

கொதிகலன் சார் சொன்ன கணக்கில் தவறில்லை. ஆனால் அந்த 250 டிகிரி ஸ்டீம் செஸ்டில் (வால்வு இருக்கும் ஆவிப்பெட்டி) இருக்க வேண்டும். பழைய டிராயிங்குகளில் வரும் செம்பு எலிமென்ட் ஃபயர்பாக்ஸ் டியூப் பிளேட்டுக்கு அரை அங்குலம், ஒரு அங்குலம் முன்னாலேயே நின்றுவிடும். சில்வர் சால்டர் இணைப்பு தீயைப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி. 11 அங்குலக் குழாய்க்குள் போய்த் திரும்பும் ஆவி, ஸ்டீம் செஸ்டுக்கு வரும்போது பெரும்பாலும் உலர்ந்திருக்கும், அல்லது பத்து இருபது டிகிரி கூடியிருக்கும். அதற்காக அரை அங்குலக் குழாய்களை இழப்பதா என்று யோசியுங்கள்.

ரெகுலேட்டரை (பாய்லர் ஆவியைத் திறந்து மூடும் வால்வு) குறுக்கி ஓட்டினாலே கொஞ்சம் சூப்பர்ஹீட் இலவசமாகக் கிடைக்கும். 6.5 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும் உலர்ந்த ஆவி, அந்த அழுத்தத்தின் கொதிநிலையைவிட 16 டிகிரி மேலே நிற்கும்.

பெரிய கவலை உராய்வு. உங்கள் ஸ்லைடு வால்வின் முதுகு 25 × 28 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 பி.எஸ்.ஐ.யில் அதிகபட்சம் 39 கிலோ எடை அந்த வால்வைப் போர்ட் முகத்தில் (ஆவித் துளைகள் உள்ள பரப்பு) அழுத்துகிறது. ஈரமான ஆவியில் தண்ணீரும் எண்ணெயும் கலந்த படலம் இந்த எடையைத் தாங்கிக்கொடுக்கும். சூப்பர்ஹீட்டில் தண்ணீர் இருக்காது, எண்ணெய் மட்டும்தான். அது ஒரு நிமிடம் நின்றால் கன்மெட்டல்மேல் கன்மெட்டல் ஒட்டிக் கீறும். முதல் அறிகுறி ரிவர்சர் (ஓட்டத் திசையை மாற்றும்) கைப்பிடியில் தெரியும். ரெகுலேட்டர் திறந்திருக்கும்போது கைப்பிடி உதறும், கனக்கும். கவரைத் திறந்தால் போர்ட் முகத்தில் ஓட்டத் திசையிலேயே பளபளவென்று நீளக் கோடுகள் இருக்கும், விரல் நகத்தில் தட்டுப்படும்.

ஷண்டிங் மாதிரி நின்று நின்று போகும் வண்டி என்றால் சூப்பர்ஹீட்டர் வேண்டாம் என்றே சொல்வேன். நிற்கும்போதெல்லாம் சிலிண்டர் குளிர்கிறது, எலிமென்ட் சூடேறிப் பலன் தருவதற்குள் மறுபடி நிறுத்த வேண்டியிருக்கிறது. நீங்கள் முக்கால் மணி நேரம் தொடர் ஓட்டம் என்கிறீர்கள், அதனால் முழு மனதோடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் போட்டால் ஒழுங்காகப் போடுங்கள், செம்பில் பாதி வேலை வேண்டாம்.

கொதிகலன்

ரெகுலேட்டரைக் குறுக்கினால் 16 டிகிரி வரும் என்பது சரி, உலர்ந்த ஆவியாக இருந்தால். 2 சதவீதம் ஈரம் இருந்தால்கூடப் போதும், அந்த 16 டிகிரியை மொத்தமாக விழுங்கிவிடும். செம்பு எலிமென்ட் பற்றிச் சொன்னதை முழுக்க ஏற்கிறேன்.

ஐந்தங்குலம்

செம்பா ஸ்டெயின்லெஸா என்ற கேள்விக்கு விரிவாகவே சொல்கிறேன். பலரும் சறுக்கும் இடம் இதுதான்.

செம்பு 200 டிகிரிக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும். 55 சதவீத சில்வர் சால்டர் 630 டிகிரியில் உருகத் தொடங்கும். ரெகுலேட்டர் மூடியிருக்கும்போது எலிமென்ட்டுக்குள் ஆவி ஓடாது, குளிர்விக்க எதுவும் இல்லை. ப்ளோயர் (நெருப்பை இழுக்கச் சிம்னியில் விடும் ஆவி) மட்டும் திறந்து ஸ்டேஷனில் நிற்கும் ஐந்து நிமிடத்தில் நெருப்பு முகத்தில் இருக்கும் குழாய் செந்நிறமாகிவிடும். ஆகவே தீயைப் பார்க்கும் எலிமென்ட் ஸ்டெயின்லெஸில் மட்டும்தான். அதிலும் 316எல் அல்லது 321 கேளுங்கள். சாதாரண 304 நெடுநேரம் 450 முதல் 850 டிகிரிக்குள் இருந்தால் வெல்ட் ஓரத்தில் குரோமியம் கார்பைடாகப் பிரிந்து அந்தக் கோட்டிலேயே அரிக்கும். 316எல்லில் கார்பன் குறைவு; 321இல் டைட்டானியம் கார்பனைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

அளவு. நொடிக்கு 7 சுற்று, 30 சதவீத கட்-ஆஃப் (ஸ்ட்ரோக்கில் ஆவி உள்ளே வரும் பங்கு) என்று வைத்தால் உங்கள் இரண்டு சிலிண்டரும் நொடிக்கு 550 கன செ.மீ. ஆவியை இழுக்கும். 8 மி.மீ. வெளி விட்டம், 1 மி.மீ. சுவர், அதாவது 6 மி.மீ. துவாரம் உள்ள குழாயில் இரண்டு எலிமென்ட்டை இணையாக வைத்தால் மொத்தப் பரப்பு 56 ச.மி.மீ. ஆவியின் வேகம் நொடிக்கு 10 மீட்டர். 75 சதவீதம் கட்-ஆஃபில் மேட்டில் ஏறும்போதுகூட 25 மீட்டர்தான். நல்ல அளவு. ஒரே ஒரு 6 மி.மீ. குழாயை (துவாரம் 4 மி.மீ.) இழுத்து விட்டால் 30 சதவீதத்திலேயே 44 மீட்டர் போகும், அழுத்தம் குழாயிலேயே செத்துவிடும். சூப்பர்ஹீட்டர் போட்ட பிறகு வண்டி மந்தமாகிவிட்டது என்று வரும் புகார்களில் பாதி இந்தக் குறுகலால்தான்.

16 கேஜ் சுவர் உள்ள ஒரு அங்குல ஃப்ளூவின் உள் விட்டம் 22 மி.மீ. இரண்டு 8 மி.மீ. குழாய், நடுவே 2 மி.மீ. இடைவெளி, மொத்தம் 18. சுற்றிலும் பிரஷ் போக இடம் உண்டு. முக்கால் அங்குல ஃப்ளூவில் இதே வேலையைத் திணிக்காதீர்கள். ஒரு மணி நேர ஓட்டத்தில் கங்குத்தூள் திரும்பு முனையில் சிக்கி ஃப்ளூ அடைத்துக்கொள்ளும், அப்புறம் சூப்பர்ஹீட்டர் வெறும் சுமை.

எலிமென்ட் ஃப்ளூவைத் தாண்டி ஃபயர்பாக்ஸுக்குள் போக வேண்டும். கிரவுன் தகட்டுக்கு (ஃபயர்பாக்ஸின் மேல்தகடு) கீழே 5, 6 மி.மீ. இடைவெளியில் போய், பின் தகட்டுக்கு ஒரு அங்குலம் முன்னால் நிற்கட்டும். கதவைத் திறந்தால் கரிக்கரண்டி தட்டாத உயரம் வேண்டும். கிரவுனைத் தொட்டுக்கொண்டு இருந்தால் ஓட்டத்தின் அதிர்வில் ஸ்டெயின்லெஸ் செம்பை அரம்போல் தேய்த்துவிடும். ஸ்மோக்பாக்ஸ் (சிம்னிக்குக் கீழுள்ள புகைப்பெட்டி) உட்பட மொத்த நீளம் 450 மி.மீ. வரும். அது ஓடும்போது இரண்டரை மி.மீ. நீளும். அதனால் ஸ்மோக்பாக்ஸ் பக்கம் மட்டும் பிடிப்பு. நெருப்புப் பக்க முனை சுதந்திரமாக இருக்கட்டும்.

திரும்பு முனையை வளைத்துச் செய்ய முடியாது; 8 மி.மீ. குழாயை வளைத்தால் 22 மி.மீ. ஃப்ளூவுக்குள் நுழையாது. இரண்டு குழாயின் முனையையும் உள்பக்கமாகச் சரித்து வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, ஈட்டி முனைபோல டிக் வெல்டிங் செய்ய வேண்டும். உள்ளே ஆவி போகும் வழி 6 மி.மீ. துவாரத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று வெல்ட் செய்யும் முன்பே பாருங்கள். வெல்ட் செய்யும்போது குழாய்க்குள் ஆர்கான் ஓட விடுவது கட்டாயம். விடாவிட்டால் உள்பக்கம் சர்க்கரைப்பாகு பூத்ததுபோல் கருகிக் கரடாகும். அந்தத் துகள் உதிர்ந்து நேராக வால்வு முகத்துக்குத்தான் போகும். ஹெட்டர் (எலிமென்ட்டுகள் வந்து சேரும் ஆவிக்கட்டை) பக்கத்து நிப்பிளையும் ஸ்டெயின்லெஸிலேயே கடைந்து வெல்ட் செய்துவிடுங்கள். சில்வர் சால்டரும் ஒட்டும். ஆனால் ஈரம் படும் இடத்தில் ஸ்டெயின்லெஸுக்கும் சால்டருக்கும் நடுவே அரிப்பு புகுந்து, வெளியே எதுவும் தெரியாமலே இணைப்பு கழன்றுவிடும்.

எலிமென்ட்டைத் தனியாக 160 பி.எஸ்.ஐ. தண்ணீர் அழுத்தத்தில், அதாவது வேலை அழுத்தத்தின் இரு மடங்கில், பத்து நிமிடம் வைத்துப் பார்த்த பிறகு பொருத்துங்கள். ஹெட்டர் நட்டுகளுக்கு நிக்கல் கலந்த சூடு தாங்கும் பேஸ்ட் பூசுங்கள். கரிப்புகையின் கந்தகமும் ஈரமும் சேர்ந்து இரண்டு வருடத்தில் மரையை இறுக்கிவிடும். ஸ்மோக்பாக்ஸ் கதவு வழியாகவே ஸ்பானர் போய், சிம்னியைக் கழற்றாமல் எலிமென்ட் வெளியே வர வேண்டும். டிராயிங்கில் இது அமையவில்லை என்றால் ஹெட்டரை இடம் மாற்றுங்கள்.

பட்டறைவாசி

எல்லோருக்கும் நன்றி. ஸ்டெயின்லெஸ், இரண்டு எலிமென்ட், நெருப்பு வரைக்கும் என்று கிட்டத்தட்ட முடிவெடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். எண்ணெய் விஷயத்தில் கேப்பில் (ஓட்டுநர் அறை) வைக்கும் டிஸ்பிளேஸ்மென்ட் லூப்ரிகேட்டர் ஒன்று தயாராக இருக்கிறது, அது போதுமா? ரெகுலேட்டரை மூடிய பிறகும் சூப்பர்ஹீட்டர் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை?

ஸ்லைடுவால்வு

போதாது. டிஸ்பிளேஸ்மென்ட் லூப்ரிகேட்டர் வேலை செய்வதே ஆவி உள்ளே போய்க் குளிர்ந்து, தண்ணீராகி, எண்ணெயை மேலே தள்ளுவதால்தான். சூப்பர்ஹீட்டருக்கு முன்னால் வைத்தால் எண்ணெய் முழுவதும் அந்தச் செந்நிறக் குழாய் வழியாகப் போய்க் கரியாகும். பின்னால் வைத்தால் ஆவி குளிர்வது நிதானம் தவறி எண்ணெய் ஒரேயடியாகவும் போகும், போகாமலும் இருக்கும்.

மெக்கானிக்கல் லூப்ரிகேட்டர் போடுங்கள். எண்ணெய் சேரும் இடம் சூப்பர்ஹீட்டரைத் தாண்டி, ஸ்டீம் செஸ்டுக்குச் சற்று முன். அந்த இடத்தில் ஸ்பிரிங் வைத்த நான்-ரிட்டர்ன் வால்வு (ஒரு திசையில் மட்டும் விடுவது) கட்டாயம். பம்ப் ராம் எட்டில் ஒரு அங்குலம், ஸ்ட்ரோக் பதினாறில் மூன்று அங்குலம், 40 பல் ராட்செட், சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு பல் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு இரண்டரை கன செ.மீ. எண்ணெய் போகும். ஆரம்பத்துக்கு அது சரி. ஈரமான ஆவிக்கு ஐ.எஸ்.ஓ. 460 ஸ்டீம் ஆயில் போதும். உங்களுக்கு 680 அல்லது 1000 வேண்டும். 1000 குளிர்காலத்தில் தேன்போல இருக்கும். லூப்ரிகேட்டர் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே இருந்தால் சூட்டில் இளகிக்கொள்ளும்.

சரிபார்க்க ஒரு வெள்ளை அட்டையைச் சிம்னிக்கு மேலே சில நொடி பிடியுங்கள். சாம்பல் புள்ளிகளோடு பழுப்பு எண்ணெய்ப் பொட்டுகள் மெல்லிதாகப் படிய வேண்டும். அட்டை காய்ந்து சாம்பல் மட்டும் இருந்தால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்துங்கள்.

வால்வையும் கன்மெட்டலிலேயே செய்யாதீர்கள். வார்ப்பிரும்பில் அல்லது பாஸ்பர் பிரான்ஸில் செய்யுங்கள். வேறு யாராவது பிஸ்டன் வால்வோடு இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. வார்ப்பிரும்பு லைனருக்குள் 20 மி.மீ. பிரான்ஸ் பாபின் (உருளை வடிவ வால்வு) 180 டிகிரி சூடேறினால் லைனரைவிட 0.025 மி.மீ. கூடுதலாகப் பெருக்கும். குளிர்ந்த நிலையில் ஒரு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் அழகாக வழுக்கிய வால்வு சூட்டில் அப்படியே பிடித்துக்கொள்ளும். பிஸ்டனில் டெஃப்லான் வளையம் என்றால் 260 டிகிரி அதன் எல்லை. விட்டான் ஓ-ரிங்குக்கு 200 டிகிரிதான். ஸ்டீம் செஸ்டில் 250 எட்டும் வண்டிக்குக் கிளாண்டில் (தண்டைச் சுற்றி ஆவி கசியாமல் அடைக்கும் இடம்) கிராஃபைட் கயிறுதான் நிம்மதி.

முழு அளவு எஞ்சின்களிலும் இதே கதைதான். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே பல காலம் மிதமான சூப்பர்ஹீட்டோடு நின்றுகொண்டது, கேப்பிலிருந்து சொட்டும் லூப்ரிகேட்டரும் அதற்குத் தக்கபடி இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காசில் வகுப்புக்குப் பெரிய சூப்பர்ஹீட்டர் வந்தபோது கூடவே மெக்கானிக்கல் லூப்ரிகேட்டரும் வந்தது. இரண்டையும் பிரித்து யோசிக்க முடியாது.

கொதிகலன்

மூடிய பிறகும் ஓடும் என்பது உண்மை, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலர்ந்த ஆவிதான் எலிமென்ட்டில் இருக்கிறது என்றால் இரண்டொரு சுற்றில் தீர்ந்துவிடும். ஆபத்து பாய்லர் பொங்கும்போது. தண்ணீர் ரெகுலேட்டர் வழியாக எலிமென்ட்டுக்குள் போய்விட்டால், ரெகுலேட்டரை மூடிய பிறகும் அந்தத் தண்ணீர் சிவந்த குழாயில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். 10 கிராம் தண்ணீர் போதும், 80 பி.எஸ்.ஐ.யில் ஏறக்குறைய 3 லிட்டர் ஆவி. உங்கள் வண்டி முழு கியரில் ஒரு சுற்றுக்குக் கால் லிட்டருக்கும் குறைவாகத்தான் குடிக்கும். பதினைந்து சுற்று, அதாவது ஐந்தாறு மீட்டர், நீங்கள் கேட்காமலே போகும். கிளப் டிராக்கில் முன்னால் இன்னொரு வண்டி நிற்கும்போது ஐந்து மீட்டர் பெரிய தூரம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மூன்றுதான்: ரிவர்சரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், சிலிண்டர் டிரெய்ன் காக்கை (தண்ணீரை வடிக்கும் திருகு) திறங்கள், பயணிகள் வண்டியின் பிரேக்கை அழுத்துங்கள்.

எலிமென்ட் ஃபயர்பாக்ஸுக்குள் வெடித்தால் ஆவி கதவு வழியாக ஓட்டுநர் முகத்துக்குத்தான் வரும். ஓடும்போது கதவை மூடிவைப்பது பழக்கமாகட்டும். திடீரென்று நெருப்பு மங்கி, கதவு ஓரத்தில் வெள்ளை ஆவி சீறினால் ரெகுலேட்டரை மூடுங்கள். ரெகுலேட்டர் டோமில் இருப்பதால் கசிவு அங்கேயே நின்றுவிடும். அதற்காகவே ரெகுலேட்டர் சொட்டாமல் மூட வேண்டும். அதைக் குளிர்ந்த பாய்லரில் காற்றழுத்தத்தில் சோதித்துப் பாருங்கள்.

எவ்வளவு சூடு வருகிறது என்று ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். ஸ்டீம் செஸ்ட் கவரில் கால் அங்குலம், 40 மரை ஒரு துளை. 1.5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் உறை போட்ட கே-வகை தெர்மோகப்பிளை ஒரு சின்ன கிளாண்ட் வழியாக உள்ளே விடுங்கள், நுனி உலோகத்தைத் தொடாமல் ஆவியில் நிற்கட்டும். பக்கத்திலேயே பிரஷர் கேஜும் இருந்தால் எத்தனை டிகிரி சூப்பர்ஹீட் என்று கழித்துப் பார்த்துவிடலாம். ஹெட்டரில் அளந்தால் நல்ல எண் வரும். ஸ்டீம் பைப்பில் இழப்பது அதில் தெரியாது. ஸ்மோக்பாக்ஸுக்கு வெளியே இருக்கும் பைப்புக்குக் காப்புத் துணி சுற்றுங்கள்.

ஒண்ணாம்கேஜ்

ஒரு சின்னக் குறிப்பு, 45 மி.மீ. தண்டவாளக்காரர்களுக்காக. அங்கே செயல்திறன் கணக்கு முக்கியமில்லை; சிம்னியிலிருந்து வெந்நீரும் எண்ணெயும் கொப்பளிப்பதை நிறுத்துவதுதான் வேலை. ஸ்பிரிட் விளக்கு வண்டியில் ஆவிக்குழாயை விளக்குத் திரிகளுக்கு மேலாகவும், கேஸ் வண்டியில் நடு ஃப்ளூ வழியாகவும் ஒரு தடவை ஓட்டினாலே போதும். 3 அல்லது 4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் குழாய், எளிதாகக் கழற்றும் இணைப்பு. கேஸ் பர்னரின் முகத்துக்கு மிக அருகில் குழாயைக் கொண்டுபோனால் தீ ஊளையிடும், சரியாகப் பரவாது. கேப் லூப்ரிகேட்டரின் எண்ணெய் இந்தக் குழாய் வழியாகவே போகும் அமைப்புதான் பெரும்பாலும். அதனால் உள்ளே கரி படியும். வண்டி நாளுக்கு நாள் மந்தமானால் வால்வு டைமிங்கைத் தொடும் முன் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். இன்னொன்று, சூப்பர்ஹீட் கூடினால் சிம்னி மேலே வெண்புகை மெலிந்துவிடும். அழகுக்காக ஓட்டுகிறவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும்.

ஐந்தங்குலம்

பட்டறைவாசி முதல் பதிவின் கடைசியில் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஃப்ளூவை வைத்துவிட்டு எலிமென்ட்டைத் தள்ளிப்போடலாமா? போடலாம், ஆனால் ஃப்ளூவைக் காலியாக விட்டு ஓட்டாதீர்கள். குழாயின் நீளத்தை உள் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால், எல்லாம் அங்குலத்தில், 50 முதல் 70 வரை வர வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். உங்கள் அரை அங்குல, 20 கேஜ் குழாய்க்கு 11ஐ 0.183ஆல் வகுத்தால் 60, மிகச் சரி. காலியான ஒரு அங்குல ஃப்ளூவுக்கு 11ஐ 0.76ஆல் வகுத்தால் 14தான். சூடான புகை அந்த இரண்டு ஓட்டை வழியாகவே ஓடி ஸ்மோக்பாக்ஸ் பெயிண்டை உரித்துவிடும், சின்னக் குழாய்களுக்கு எதுவும் போகாது. எலிமென்ட் வரும் வரை ஃப்ளூவுக்குள் முறுக்கிய ஸ்டெயின்லெஸ் பட்டை ஒன்றைச் செருகி வையுங்கள். ஒரு மி.மீ. தடிமன், ஃப்ளூ அகலம், முழு நீளத்துக்கும் மூன்று நான்கு முறுக்கு.

எலிமென்ட் போட்ட பிறகு சிலிண்டருக்குப் போகும் ஆவியின் எடை குறைவதால் பிளாஸ்ட்டின் (வேலை முடிந்து சிம்னி வழியாகப் பீறும் ஆவி) இழுப்பும் குறையும். நெருப்பு சோர்ந்தால் கரியைக் குறை சொல்லாதீர்கள். பிளாஸ்ட் நாசிலை 0.2 மி.மீ. சிறிதாக இன்னொன்று கடைந்து மாற்றிப் பாருங்கள். அதற்காகவே நாசிலை மரை போட்டுக் கழற்றும்படி செய்வது நல்லது.

சூப்பர்ஹீட்டர் வேண்டுமா என்ற கேள்விக்கே இங்கிலாந்தில் 1909இல் ஒரு டேங்க் எஞ்சின் பதில் சொல்லியிருக்கிறது. லண்டன் பிரைட்டன் ரயில்வேயின் ஐ3 வகை, சூப்பர்ஹீட்டரோடு, க்ராய்டனிலிருந்து ரக்பி வரை ஏறக்குறைய 90 மைல் இடையில் தண்ணீர் பிடிக்காமல் போனது. எதிரே சூப்பர்ஹீட்டர் இல்லாத டெண்டர் எஞ்சின். அந்தச் சோதனையைப் பார்த்த லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே அடுத்த வருடமே ஜார்ஜ் தி ஃபிஃப்த் வகையில் சூப்பர்ஹீட்டர் வைத்துக் கட்டியது. உங்களுடையதும் டேங்க் எஞ்சின், தண்ணீர் இடம் குறைவு. 19 சதவீதம் தண்ணீர் மிச்சம் என்பது நிறுத்தாமல் இன்னும் ஒரு சுற்று ஓடலாம் என்பதுதான்.

பட்டறைவாசி

முறுக்குப் பட்டை யோசனை என் தலைவலியைத் தீர்த்தது. இந்த வாரம் டியூப் பிளேட்டில் இரண்டு ஒரு அங்குலத் துளை போட்டுவிடுகிறேன். 8 × 1 மி.மீ. 316எல் குழாய் இரண்டு மீட்டர் போதும் என்று கணக்கு வருகிறது. நான்கு கால், ஒவ்வொன்றும் 450, வெட்டுக் கழிவு போக. ஹெட்டரை ஸ்மோக்பாக்ஸ் கதவுப் பக்கம் 15 மி.மீ. முன்னால் தள்ளினால் ஸ்பானர் நேராகப் போகிறது, ஆனால் பிளாஸ்ட் பைப் குறுக்கே வருகிறது. டிராயிங்கைத் திருத்திவிட்டு இங்கேயே போடுகிறேன்.

ஐந்தங்குலம்

இரண்டரை மீட்டராக வாங்குங்கள் தம்பி. முதல் ஈட்டி முனை வெல்டிங்கை அறுத்துத் திறந்து உள்ளே துவாரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு துண்டு வேண்டும். பிளாஸ்ட் பைப்பை நகர்த்தாதீர்கள், அது சிம்னியின் மையக்கோட்டிலேயே இருக்கட்டும். ஹெட்டரை இரண்டாகப் பிரித்து அதன் இரு பக்கமும் வையுங்கள், ஒரு பக்கத்துக்கு ஒரு எலிமென்ட், ஒரு சிலிண்டர். அப்படிச் செய்தால் இரண்டு ஸ்டீம் செஸ்டையும் ஒரு சின்னக் குழாயால் இணைத்துவிடுங்கள், ஒரு பக்கம் மட்டும் பசித்து நிற்காது. எண்ணெய்க் குழாய் அந்த இணைப்பின் நடுவில் சேர வேண்டாம். ஒவ்வொரு பக்க ஸ்டீம் பைப்பிலும் தனித்தனி நான்-ரிட்டர்ன் வால்வோடு சேரட்டும்.